மேட்டிலிருந்து வயலுக்கு: வன்னி மண்ணைத் தோண்டிப் படிப்பது

மண் விஞ்ஞானத்தில் முதல் வருடம் பெயர்களோடு போய்விடும். செங்கபில மண், தாழ் ஈரக்களி மண், செம்மஞ்சள் இலற்றசோல், கிரமுசோல், சொலனெட்ஸ். மண் விஞ்ஞானிகளான மூர்மனும் பானபொக்கவும் 1961இல் இலங்கை மண்ணைப் பெருந்தொகுதிகளாக வகுத்த பிறகு இந்தப் பெயர்கள் பாடத்தில் நிலைத்துவிட்டன. மண் வரைபடத்தில், நாட்டின் வடக்கில் உள்ள வன்னியின் பெரும்பகுதி செங்கபில மண்ணும் தாழ் ஈரக்களி மண்ணும் சேர்ந்த ஒரே நிறப் பூச்சாக இருக்கும். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாங்குளத்திலோ நெடுங்கேணியிலோ ஒரு காணிக்குள் இறங்கினால் எந்த இடத்தில் எந்த மண் என்று அது சொல்லாது. மேட்டுக் கரையில் செம்மண், நடுவில் மஞ்சள் கலந்த கபில மண், கீழே வயலில் சாம்பல் நிறக் களி. மூன்றும் ஒரே உரிமையாளரின் காணிக்குள், சில நூறு மீற்றர் தூரத்துக்குள் கிடக்கும்.

மூன்றும் பிறந்தது ஒரே பாறையிலிருந்து. கேம்பிரியனுக்கு முந்திய காலத்து உருமாறிய பாறைகள், பெரும்பாலும் நைஸ். புவிச்சரிதவியலாளர்கள் அந்தப் பாறைத் தொகுதிக்கே வன்னியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பாறை ஒன்று, மழை ஒன்று, வெயில் ஒன்று. வேறுபடுவது மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு காலம் நிற்கிறது என்பது மட்டுமே. 1930களில் கிழக்கு ஆபிரிக்காவில் மண் விஞ்ஞானி ஜெஃப்ரி மில்ன் மேடு-பள்ளத் தொடராக மண்ணைப் படிக்க வேண்டும் என்று எழுதியபோது அவர் பார்த்ததும் இப்படியான ஒரு நிலத்தைத்தான். வன்னியின் சரிவு மிக மெல்லியது, 100 மீற்றருக்கு 2 முதல் 4 மீற்றர் இறக்கம். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிவதால்தான் மாணவர்கள் ஏமாறுகிறார்கள். ஆகவே இந்தப் பதிவு முழுக்க ஒரே வேலையைப் பற்றியது: ஒரு சரிவில் மூன்று குழி வெட்டி, அதை ஒழுங்காக வாசித்து, மாதிரியைக் கெடுக்காமல் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

தோண்டுவதற்கு முதல் ஒரு விடயம். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இருக்காது, வன்னியில் இதுதான் முதலாவது. மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியா என்று விதானையாரிடமும் காணிக்காரரிடமும் கேட்டு உறுதி செய்யாமல் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது. மண்டையோட்டுச் சிவப்புப் பலகையோ நாடாவோ இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். காட்டோரத்துக் குழி விஞ்ஞானத்துக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒப்படைத்த எல்லைக்குள் கிடைக்கிற மேடு போதும். தோண்டும்போது உலோகமோ நைலோன் சாக்கோ தென்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி, மிதித்து வந்த தடத்திலேயே திரும்பி வந்து அறிவிக்க வேண்டும்.

போர் மண்ணின் படைகளையும் புரட்டிப் போட்டிருக்கிறது. பங்கர் வெட்டி மூடிய இடத்திலும் மண் அணை தள்ளிச் சமன் செய்த இடத்திலும் கீழ்ப்படையின் சிவந்த பரல் மேலே வந்து, கறுத்த மேல்மண் அதற்கு அடியில் புதைந்து கிடக்கும். படைகளுக்கிடையே எல்லைக்கோடு வெட்டினாற்போல இருக்கும், களிக் கட்டிகள் எல்லாத் திசையிலும் சாய்ந்திருக்கும், கரித்துண்டு ஆழத்திலும் வரும். இதை இயற்கையான வெட்டுமுகம் என்று வரைந்து பெயர் தேடுவதில் பயனில்லை. குழப்பப்பட்ட மண் என்று எழுதிவிட்டு பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி வெட்டுங்கள்.

குழி 1 மீற்றர் அகலம், ஒன்றரை மீற்றர் நீளம், பாறைச் சிதைவு வரும் வரை அல்லது ஒன்றரை மீற்றர் ஆழம். வாசிக்கப்போகும் முகம் வெயிலைப் பார்த்திருக்க வேண்டும், நிழலில் நிறம் பொய் சொல்லும். அந்த முகத்துக்கு மேலே ஒருவரும் நிற்கக் கூடாது, மண்ணும் போடக் கூடாது. மேல்மண்ணை ஒரு பக்கம், கீழ்மண்ணை மற்றப் பக்கம் குவியுங்கள். முகத்தை மண்வெட்டியால் வழித்து விடாமல் கத்தி முனையால் கொத்திக் கொத்தி உடைத்து எடுத்தால்தான் மண்ணின் கட்டமைப்பு தெரியும். வழித்த முகத்தில் களி பூசுப்பட்டு எல்லாப் படையும் ஒன்றுபோல் தெரியும்.

மேட்டுக் குழியில் பொதுவாக முதல் 10–20 செ.மீ. கருஞ்சிவப்புக் கபிலம், மணல் கலந்த இருவாட்டி (மணல், மண்டி, களி மூன்றும் கலந்த மண்). அதற்குக் கீழே களி கூடி நிறம் சிவக்கும். பிறகு வெள்ளைக் குவார்ட்ஸ் பரல் படை. அதற்கும் கீழே சிதைந்த பாறை, நைஸின் கோடுகள் இன்னும் அழியாமல், விரலால் நசுக்கினால் பொடியும். துளைகருவியை மட்டும் நம்புகிறவர்கள் தவறுவது இந்தப் பரல் படையில்தான். கருவி முட்டி நின்றதும் "40 செ.மீ. இல் பாறை" என்று எழுதிவிடுகிறார்கள். பரலென்றால் கருவி நறநறவென்று அரைக்கும், இடம் மாற்றி ஒரு அடி தள்ளிப் போட்டால் இன்னும் கொஞ்சம் இறங்கும். அலவாங்கால் குத்திப் பார்த்தால் பாறையின் ஓசை வேறு, பரலின் ஓசை வேறு. பரலுக்குக் கீழேயும் வேர் போகும், நீர் நிற்கும். ஆழத்தைக் குறைத்து எழுதினால் அந்த மண் தாங்கும் நீரின் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

நடுச்சரிவில் சிவப்பு மங்கி மஞ்சட்கபிலமாகும். அரை மீற்றருக்குக் கீழே செம்மஞ்சள் திட்டுகள் தொடங்கும், கறுத்த சிறு உருண்டைகள் வரும். இவை இரும்பும் மங்கனீசும் சேர்ந்து உறைந்தவை, மாரியில் நீர்மட்டம் அந்த உயரம் வரை ஏறி இறங்குவதற்கான சாட்சி. கீழே வயலில் சாம்பல் நிறம் மேற்பரப்புக்குக் கிட்டவே தொடங்கிவிடும். மேட்டில் ஒட்சிசன் தாராளம், இரும்பு ஹேமற்றைற்று என்ற ஒட்சைட்டாக நின்று மண்ணைச் சிவப்பாக்குகிறது. நடுவில் அது நீர் சேர்ந்த கோதைற்று, நிறம் மஞ்சள். வயலில் மாதக்கணக்கில் நீர் நிற்க, நுண்ணங்கிகள் ஒட்சிசன் இல்லாமல் இரும்பையே பயன்படுத்தி அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. நிறம் கழுவுப்பட்டுப் போகிறது. நெல் வேரைச் சுற்றி மட்டும் செம்மஞ்சள் குழாய் போன்ற படிவு இருக்கும். வேர் தன் உடலுக்குள்ளால் காற்றைக் கீழே இறக்கி, பக்கத்து இரும்பைத் திரும்பவும் ஒட்சியேற்றியதால் வந்தது அது. வன்னியில் ஆழக் குழியின் நிறம் ஒரு நீர்மட்டப் பதிவேடு. கோடை நடுவில், கிணறு வற்றிக் கிடக்கும்போதும் அதை வாசிக்கலாம்.

நிறத்தை உடனே எழுத வேண்டும். ஈரக்களி மண்ணை வெட்டி வெளியே வைத்தால் காற்றுப் பட்டுச் சாம்பல் கபிலமாக மாறிக்கொண்டே போகும். பையில் கட்டிக் கொண்டுபோய் மேசையில் மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டவர்கள் நடுச்சரிவு மண்ணென்று எழுதியதுண்டு. காய்ந்த நிறம், நனைத்த நிறம் இரண்டையும் குறிப்பது வழக்கம். ஒன்றை மட்டும் எழுதுவதானால் நனைத்ததை எழுதி, நனைத்தது என்றும் எழுதுங்கள்.

சிவப்பென்றால் வளம் என்ற நம்பிக்கை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. கோப்பாய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் சுண்ணக்கல்லின் மேல் கிடப்பது, தண்ணீரை விரைவாகக் கீழே விடுவது. வன்னி மேட்டுச் செம்மண் நைஸின் மேல் கிடப்பது; காய்ந்தால் அலவாங்கு தேவை, நனைந்தால் ஒட்டும், உழுவதற்குத் தோதான ஈரம் சில நாட்களுக்குத்தான் இருக்கும். நிறம் ஒத்திருப்பதை வைத்து அங்கத்தைய பசளை அளவையும் இறைப்பு இடைவெளியையும் இங்கே கொண்டுவருவது கண்மூடித்தனம். மன்னார் மாவட்டத்து முருங்கன் கறுத்தக் களி இன்னொரு உலகம். கோடையில் வெடித்துப் பிளக்கும், மாரியில் உப்பும், அதன் அடர்த்தி ஈரத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

உழவு ஈரத்தைப் பார்க்க ஒரு கை மண் போதும். 15 செ.மீ. ஆழத்து மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள். 3 மில்லிமீற்றர் தடிப்பில் உடையாமல் நூலாக வந்தால் மேட்டுக்காணி உழவுக்கு ஈரம் கூட. உழுதால் கட்டியாகப் புரண்டு, பிறகு காய்ந்து கல்லாகும். நூல் வராமல் உதிர்ந்தால் உழலாம். புழுதி விதைப்புக்காரர் முதல் மழைக்கு முன்னரே உழுது விதைத்துவிடுவதில் ஒரு மண் விஞ்ஞானம் இருக்கிறது. அவர்கள் அந்தச் சில நாட்களுக்காகக் காத்திருப்பதில்லை.

இழையமைப்பைக் கையால் அறிவதில் செங்கபில மண்ணுக்கென்று ஒரு பொறி உண்டு. இரும்பு ஒட்சைட்டு களித் துணிக்கைகளைச் சிறு உருண்டைகளாக ஒட்டி வைத்திருப்பதால் முதலில் மணல்போல நறநறக்கும். இரண்டு மூன்று நிமிடம் தண்ணீர் விட்டு விட்டுப் பிசைந்தால் அந்த உருண்டைகள் உடைந்து களி வெளிவரும். அதன் பிறகுதான் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ள வேண்டும். 2.5 செ.மீ. க்குள் முறிந்தால் இருவாட்டி வகை, 2.5 முதல் 5 வரை களி இருவாட்டி, அதற்கு மேல் போனால் களி. பிசையாமல் தள்ளினால் எல்லா மேட்டு மண்ணும் ஒரு படி மணலாகவே வரும்.

போத்தல் பரிசோதனையிலும் அதே சிக்கல். 2 மி.மீ. அரிப்பில் அரித்த மண் மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் தண்ணீர், ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா. பத்து நிமிடம் குலுக்கி, இரவு வைத்துத் திரும்பக் குலுக்கிச் சமதரையில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் இருப்பது மணல், இரண்டு மணித்தியாலத்தில் அதற்கு மேல் சேர்ந்தது மண்டி (மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட துணிக்கை), மிச்சமெல்லாம் களி. சோடாவுக்குப் பதிலாகக் கறியுப்பைப் போடுகிறவர்கள் உண்டு. உப்பு களியைத் திரட்டி அடியில் தள்ளும், அரை மணியில் தண்ணீர் தெளிந்துவிடும், களி முழுவதும் மண்டிக் கணக்கில் போய்ச் சேரும். ஆய்வுகூடத்தில் சோடியம் ஹெக்சாமெற்றாபொசுபேற்று போட்டு நீர்மானியை (ஐதரோமீற்றர்) 40 செக்கனிலும் 2 மணித்தியாலத்திலும் வாசிப்பதும் இதே வேலைதான். வெப்பநிலைத் திருத்தத்தை மறக்காதீர்கள். கிளிநொச்சி மதிய வெயிலில் ஆய்வுகூடத் தண்ணீர் 20 பாகையில் இருக்காது.

ஒன்றும் போடாத தண்ணீரிலேயே களி நாட்கணக்கில் அடையாமல் கலங்கி நின்றால் அது வேறு செய்தி. பள்ளக்காணிகளில் ஆங்காங்கே சோடியம் ஏறிய மண் திட்டுகள் உண்டு. காய்ந்த மண்கட்டி ஒன்று, கடலையளவு, ஆடாத மழைத்தண்ணீரில் மெதுவாக இறக்கிப் பத்து நிமிடத்திலும் இரண்டு மணித்தியாலத்திலும் பாருங்கள். கட்டி சிதறி அடியில் கிடந்து தண்ணீர் தெளிவாக இருந்தால் சேதனப் பொருள் குறைவு என்று எடுக்கலாம். கட்டியைச் சுற்றிப் பால்போல ஒரு முகில் பரவினால் சோடியம். பி.எச். 8.5 க்கு மேல் நின்றால் சந்தேகம் உறுதியாகும். மழைத்தண்ணீர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கிணற்று நீரில் உள்ள கல்சியமும் மற்ற உப்புகளும் களியைத் திரட்டி அந்த முகிலை மறைத்துவிடும். இப்படியான திட்டுக்கு மாட்டெரு மட்டும் போட்டுப் பலனில்லை. ஜிப்சமும், அது வெளியேற்றும் சோடியத்தைக் கழுவிக் கொண்டுபோக வடிகாலும் வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது காசைக் கொட்டுவது.

இனி மாதிரி. பெரும்பாலான பிழை ஆய்வுகூடத்தில் நடப்பதில்லை, பையில் நடக்கிறது. ஒரு காணிக்கு ஒரு மாதிரி என்று மேட்டையும் வயலையும் ஒரே வாளியில் கலந்தால் கிடைக்கும் பெறுமானம் காணியில் எந்த இடத்துக்கும் உரியதாக இராது. மேடு, நடு, பள்ளம் என்று மூன்று வாளி. ஒவ்வொன்றிலும் வளைந்து வளைந்து நடந்து 10–15 இடத்தில், மேலே கிடக்கும் குப்பையை மட்டும் ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில வி வடிவில் வெட்டி, ஒரு பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை 2–3 செ.மீ. தடிப்புக்கு ஒரு சீவல். வரம்போரம், மரத்தடி, மாடு படுத்த இடம், வைக்கோல் எரித்த இடம், பசளை மூட்டை இறக்கிய இடம் வேண்டாம். யூரியாச் சாக்கைக் கழுவிக் கொண்டுவருவதும் வேண்டாம். வயலென்றால் அறுவடை முடிந்து அடுத்த போகத்து உழவுக்கு முன்னர். வாளியில் கலந்து, விரித்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்க் கால்பங்குகளை எறிந்து, அரைக் கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். பைக்குள் ஒரு துண்டு, வெளியே ஒரு துண்டு, பென்சிலால் எழுதியது. பேனா மை ஈரமண்ணில் ஒரு இரவு தாங்காது.

நிழலில் காய வையுங்கள். அவசரத்துக்கு 105 பாகை அடுப்பில் காயவைத்த மண் ஈரப்பதனுக்கும் அடர்த்திக்கும் மட்டும் சரி. பொற்றாசியம் போன்றவற்றின் கிடைக்கும் அளவு அதில் மாறிவிடும். உரலில் இடிக்கும்போது பரலையும் சேர்த்து நொறுக்காமல் கட்டியை மட்டும் உடைத்து, 2 மி.மீ. அரிப்பில் நிற்கும் பரலை நிறுத்து எழுதுங்கள். இந்த ஒரு எண்ணை விட்டுவிடுவதுதான் வன்னி மண்ணில் நடக்கும் மிகப் பெரிய கணக்குப் பிழை என்பது என் எண்ணம். ஒரு ஏக்கர், 15 செ.மீ. ஆழம், பருமனடர்த்தி (ஒரு கன செ.மீ. மண்ணின் காய்ந்த நிறை, கிராமில்) 1.5 என்றால் மண் ஏறத்தாழ 910 தொன். பகுப்பாய்வில் பொசுபரசு கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று வந்தால் ஏக்கருக்கு 9.1 கிலோ என்று எழுதிவிடுவோம். அந்த மண்ணில் நிறையால் 40 வீதம் பரல் என்றால் உண்மையில் உள்ளது 5.5 கிலோதான். பகுத்தது அரித்த மண்ணை, பயிர் நிற்பது பரலோடு சேர்ந்த மண்ணில்.

பருமனடர்த்தியை எடுக்கவும் பரல் விடாது. 5 செ.மீ. விட்டம், 5 செ.மீ. உயர உருளை 98 கன செ.மீ. மண் பிடிக்கும், வயலில் அது நன்றாக இறங்கும். மேட்டில் ஒரு பரல் விளிம்பில் மாட்டினாலே உள்ளே வெற்றிடம், பெறுமானம் குறைந்து வரும். அங்கே சிறு கிண்ணக் குழி வெட்டி, எடுத்த மண் முழுவதையும் சேர்த்து, குழிக்குள் மெல்லிய பொலித்தீனை விரித்து, விளிம்பு மட்டம் வரை அளந்து தண்ணீர் விடுங்கள். தண்ணீர் 1,200 மி.லீ., அடுப்பில் காய்ந்த மண் 1,860 கிராம் என்றால் அடர்த்தி 1.55. பொலித்தீன் மடிப்பு விழாமல் சுவரோடு ஒட்ட வேண்டும்.

ஆய்வுகூட வேலையில் மூன்று இடத்தை மட்டும் சொல்கிறேன். பி.எச். மானியின் மின்வாயைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து வைக்கும் பழக்கம் அதைக் கொல்லும். 3 மோலர் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் வைக்க வேண்டும். வயல் மண்ணை நீர் நிற்கும்போது அளந்த பி.எச். நடுநிலையை நோக்கி நகர்ந்திருக்கும், காயவைத்த பின் வேறு எண் வரும். இரண்டும் சரி, எது எதுவென்று எழுதினால் போதும். மூன்றாவது, வோக்லி–பிளாக் முறையில், அதாவது டைகுரோமேற்று எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து, சேதனக் காபனை அளப்பது. முல்லைத்தீவுக் கரையோர மண்ணில் குளோரைட்டு இருந்தால் அதுவும் டைகுரோமேற்றைத் தின்னும், உப்பு மண்ணுக்குக் காபன் கூடக் காட்டும். வெள்ளிச் சல்பேற்றுச் சேர்க்க வேண்டும். குரோமியக் கழிவைத் தொட்டியில் ஊற்றிவிட்டுச் சுற்றாடல் விஞ்ஞானம் படிப்பதாகச் சொல்வது நல்ல பகிடி. தனிக் கலனில் சேர்த்துக் கையளியுங்கள்.

காபன் அனேகமாகக் குறைவாகத்தான் வரும். இந்த வெக்கையில் உக்கல் நிற்பதில்லை, அதோடு வைக்கோலையும் எரிக்கிறோம். ஒரு தொன் வைக்கோலில் நைதரசன் 5–8 கிலோ, பொற்றாசியம் 12–17 கிலோ. எரித்தால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போகும். பொற்றாசியம் சாம்பலில் நின்றாலும் எரித்த குவியலடியில் மட்டுமே நிற்கும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோது எல்லாரும் செய்ய வேண்டியிருந்த கணக்கும் இதனோடு சேர்ந்தது. 50 கிலோ யூரியாவில் 46 வீதப்படி 23 கிலோ நைதரசன். ஈரச் சாணத்தில் அரை வீதம் என்று வைத்தால் அதே 23 கிலோவுக்கு நாலரைத் தொன்னுக்கு மேல் வேண்டும், அதுவும் உடனே கிடைக்கும் வடிவத்தில் வராது. சேதனப் பசளை கூடாது என்பது இதன் பொருளல்ல. மேட்டுச் செம்மண்ணில் மேற்பரப்பு இறுகாமல் மழைநீர் உள்ளே இறங்க அதைப்போல வேறொன்றும் உதவாது. மாற்றீடாக ஒரே போகத்தில் இறக்கியதுதான் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

தண்ணீரையும் ஒரு போத்தல் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணைச் செய்த அதே பாறையின் கனிமங்களே கிணற்று நீருக்குப் புளோரைட்டையும் கொடுக்கின்றன. வவுனியாப் பக்கத்தில் சில கிணறுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் லீற்றருக்கு 1.5 மி.கி. என்ற வழிகாட்டி அளவைத் தாண்டியிருக்கிறது. புளோரைட்டுக்கான மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் எடுக்கக் கூடாது, பிளாஸ்ரிக்கில் எடுங்கள்.

குழியை அன்றைக்கே மூட வேண்டும், மாடு விழும். கீழ்மண்ணை முதலில் போட்டு, 20 செ.மீ. க்கு ஒருமுறை மிதித்து இறுக்கி, மேல்மண்ணைக் கடைசியில் போட்டுக் கொஞ்சம் குவித்து விடுங்கள். முதல் மழைக்குத் தாழும். வயலில் குழி வெட்டியவர்கள் இறுக்குவதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அடியிலிருக்கும் கடினப்படையை நாங்கள் வெட்டி உடைத்திருக்கிறோம். தளர்வாக மூடினால் நிற்கும் தண்ணீர் அந்த வழியாக இறங்கும், உழவு இயந்திரத்தின் சில்லும் அங்கேதான் புதையும். காணிக்காரரிடம் அந்த இடத்தைக் காட்டி ஒரு தடி நட்டுவிட்டு வாருங்கள்.